என் மனைவி தேர்ந்தெடுத்த ஜெல்

மாதவிடாய் நின்றபின் உடம்பெல்லாம் அனலடித்து, தூக்கம் கெட்டு, தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையையே விட்டுவிடலாமா என்று என் மனைவி யோசித்தாள். இரத்தினபுரி டாக்டர், பிரஷர் இருப்பதால் ஹார்மோனை மாத்திரையாக விழுங்க வேண்டாம், தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் ஜெல்லோ போதும் என்றார். பெரிய வைத்தியன்போல் நான் முந்திக்கொண்டேன்.

"பட்டைதான் லேசு. இடுப்புல ஒட்டிட்டு மறந்துறலாம்."

"இடுப்புல படங்குச் சாக்கைச் சுத்திக்கிட்டு மலை ஏறிப் பாருங்க. உரசல்லயும் வேர்வையிலயும் பத்து மணிக்கே உரிஞ்சிரும்."

பிறகு அவளே டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டாள்: அட்டை கடிக்காமலிருக்கக் காலையில் காலுக்குச் சவர்க்காரக் கட்டி தேய்ப்பதால், தொடையில் பூசும் ஜெல்லை மாலையில் குளித்துவிட்டுப் பூசலாமா? டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நல்ல யோசனை" என்றார்.

சில வாரங்களில் தூக்கம் வந்தது. வேலையையும் அவள் விடவில்லை. ஜெல் என்மேல் ஒட்டிவிடாதபடி, அது காயும்வரை கிட்டே போகாமல், பால் சேர்க்காத பிளேன்டி ஊற்றி வைப்பது மட்டும் இந்த வைத்தியனின் வேலை.