தோஷைகதிருக் வாரியர்

எங்கள் ஊரில், குற்றம் மட்டுமே கண்ணில் படுகிறவனுக்குத் தோஷைகதிருக் என்று பெயர். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் சொல்தான். ஆனாலும் டீயில் குறை சொல்கிறவன் முதல் மாமியார் வரை எல்லோருக்கும் தாராளமாகச் சூட்டுவோம். தபால் ஆபீஸ் அச்சுத வாரியருக்கு மட்டும் அது வீட்டுப் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒட்டவைத்தவன் நான்தான், செண்டை மேளத்தில் இலைத்தாளம் என்கிற வெண்கலக் கைத்தாளம் தட்டுகிறவன்.

கோயில் பூரத் திருவிழாவன்று ஊரே கையைத் தூக்கித் தாளம் வீசும்போது வாரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு அடி பிசகினாலும் பிடித்துவிடுகிற காது. அதனால்தான் அவர் சொன்னால் சுடும்.

சிவராம மாரார் முதன்முறையாக முன்வரிசையில் செண்டை கொட்டிய வருஷம், பாராட்ட வந்தவர்களை விட்டுவிட்டு வாரியரிடம் ஓடினார்.

"எப்படி இருந்துச்சு வாரியரே?"

"இடது கை உம்மோடது இல்லையே மாராரே. யார்கிட்ட இரவல் வாங்கினீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி. மறுநாளிலிருந்து மாரார் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து, புளியங்கட்டையால் கல்லில் இடது கையை மட்டும் சாதகம் செய்தார். ஏழாம் நாள் காலை குளத்தில் மிதந்தார். வழுக்கி விழுந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஊரில் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. வாரியர் அந்தக் குளத்தில் குளிப்பதை விட்டார். விடிந்தும் விடியாமலும் என் வாசலில் வந்து நிற்பார்.

"கேக்குதா? கல்லுல அடிக்கிறாரு."

"ஒண்ணும் கேக்கல வாரியரே. வீட்டுக்குப் போங்க."

"இப்பவும் இடது கை பின்னாடிதான் வருது" என்பார், கண்ணில் நீரோடு.

பதினாறு வருஷம் கழித்து மாராரின் மகள் ரஜிதாவுக்குச் செண்டை அரங்கேற்றம். அவளே போய் வாரியரை அழைத்தாள். அவர் வாயால் நிறைகுறை சொன்னால்தான் இனிச் செண்டையைத் தொடுவேன் என்று ஒரே பிடிவாதம். அரங்கேற்றத்தன்று, வேகம் கூடி மூன்றாம் காலத்திலிருந்து நாலாம் காலத்துக்கு மாறும் இடத்தில் ஒரு அடி முந்திவிட்டாள். பக்கத்தில் நின்ற என் தாளமே பதறியது.

முடிந்ததும் வியர்வையைக்கூடத் துடைக்காமல் வாரியர் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்க மாமா."

வாரியர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு மோளே. ஒரு குறையும் இல்ல."

ரஜிதா அப்போதுதான் வியர்வையைத் துடைத்தாள்.

"எங்க தப்பினேன்னு எனக்கே தெரியும். இந்தப் பொய்ய எங்கப்பாகிட்டச் சொல்லியிருந்தா என்ன மாமா?"