பகா எண்ணில் கை வைத்தவர்

ஆட்டோ வந்து நின்றாலும் ஷாகிரா உடனே ஏறமாட்டார். நம்பர் பிளேட்டை முதலில் வகுத்துப் பார்க்க வேண்டும். 4807. "பதினொண்ணு, பத்தொம்போது, இருபத்திமூணு. சுக்குநூறா உடையுது" என்று முகம் சுளிப்பார். "இன்னா மேடம், ஏறப்போறீங்களா, நம்பர் பாத்துக்கினே நிக்கப்போறீங்களா?" என்று டிரைவர் எரிந்து விழுவார். 7919 போல எதற்கும் வகுபடாத பகா எண் வந்துவிட்டாலோ, பேரமே கிடையாது.

திருவல்லிக்கேணிக்காரர். மயிலாப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கணித விரிவுரையாளர். பல வருடங்களாகத் தற்காலிகம். மூக்கின் மேல் கோபம். வகுப்பில் யாராவது ஒன்றையும் பகா எண் என்று எழுதிவிட்டால் சாக்பீஸ் பறக்கும். பிறகு அவரே குனிந்து பொறுக்கிக்கொள்வார்.

கணிதத் துறைக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். வாசல் கல்லில் பொறிக்கப் பெரிய பகா எண் ஒன்று கேட்டார்கள். ஷாகிரா கொடுத்தது 12345678910987654321. ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி, வந்த வழியே இறங்கும். இத்தனை ஒழுங்கான எண் எதற்காவது மசிந்துவிடும் என்றுதான் தோன்றும். மசியாது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் மீதியில்லாமல் வகுபடாது. அந்தப் பிடிவாதம்தான் ஷாகிராவுக்குப் பிடித்தது.

திறப்பு விழா அன்று காலை திரையை விலக்கிப் பார்த்தவருக்குப் பகீரென்றது.

"சார், நடுவுல இருந்த பத்து எங்க?"

கல்லூரிச் செயலாளர் சுப்பராயன் சிரித்தார். கார் நம்பர், செல்போன் நம்பர் எல்லாவற்றுக்கும் கூட்டுத்தொகை பார்க்கிறவர். "நடுவுல சைபர் வந்தா ஆகாது மேடம். பத்தைத் தூக்கிட்டேன். இப்போ கூட்டினா தொண்ணூறு. அதையும் கூட்டினா ஒன்பது. ராசியான நம்பர்."

"கூட்டினா ஒம்போது வந்தா, ஒம்போதால வகுபடும் சார்! ஆறாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியும். பகா எண்ணுன்னு போட்டு, கீழ தேர்வு செஞ்சது ஷாகிரான்னு என் பேரை வேற வெட்டி வச்சிகிறீங்க!"

"யாரு வகுத்துப் பாக்கப் போறாங்க? உங்க பர்மனென்ட் ஆர்டர்ல சாயங்காலம் கையெழுத்துப் போடறேன். சிரிச்ச முகமா வந்து நில்லுங்க."

அந்த ஆர்டருக்காகத்தான் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஆனாலும் உடம்பெல்லாம் எரிந்தது. ராசி பார்க்கிறவர் தன் வீட்டுக் கதவு எண்ணைப் பார்க்கட்டும், பகா எண்ணில் கை வைக்க இவர் யார்? தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார். சொன்ன பிறகும் சிரிக்கிறாரே மனிதர்!

விழாவில் சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. கைத்தட்டல் எழுந்தது. செயலாளர் ஷாகிராவைப் பார்த்து, சிரிக்கும்படி ஜாடை காட்டினார்.

ஷாகிரா நேராக முன்னால் போனார். விருந்தினர் கையிலிருந்த கயிற்றை வாங்கினார். கைத்தட்டல் ஓய்வதற்குள் திரையை இழுத்து மூடினார்.