இரண்டு அரசர்களுக்காகவும் செத்தவன்

துவான் கென்ஷெங் அந்த ஒரே சீரியலில் பதினேழு முறை செத்தான். லோ நாட்டு அரசனுக்காகப் பதினொரு முறை, ஹெங் நாட்டு அரசனுக்காக ஆறு முறை. சிரிக்காதீர்கள், இதை எண்ணி வைப்பதுதான் என் வேலை. எங்கள் ஊரில் வருடம் முழுக்கச் சரித்திர சீரியல்கள் எடுப்பார்கள். படைவீரன், பிச்சைக்காரன், அரண்மனைத் தாதி, பிணம் என்று எத்தனை பேர் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பி, கவசம் மாட்டி, வரிசையில் நிறுத்துவேன். என் பெயர் மா சியூசி. முகத்துக்கு நேரே ‘மா அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

துவான் தூரத்து வடமேற்கில் இருக்கிற கான்சு மாகாணத்துக்காரன். மனைவியையும் ஆப்பிள் தோட்டத்தையும் விட்டுவிட்டு முப்பத்தைந்து வயதில் நடிகனாகிறேன் என்று வந்தவன், இப்போது நாற்பத்தாறு. சாவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கவாட்டில்தான் விழுவான். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டான். அந்தத் திறமையே அவனுக்கு வினையாகப் போயிற்று. இவ்வளவு அழகாகச் சாகிறவனைப் பேச வைக்க எந்த இயக்குநருக்குத் தோன்றும்? பதினொரு வருடத்தில் அவன் வாயிலிருந்து ஒரு வசனம் வந்ததில்லை.

போன புதுவருடத்துக்கு ஊருக்குப் போனபோது அவன் மனைவி சுய்லியன் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

“அடுத்த வருஷ ஆப்பிள் பறிப்புக்குள்ள உன் மூஞ்சியும் உன் குரலும் ஒண்ணா டிவில வரணும். ஒரு வரி போதும். வரலேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீடு வந்து சேரு. என் ரெண்டு கையால இத்தனை மரத்தைப் பாக்க முடியலய்யா.”

அவனும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். என்னிடம் சொன்னபோது நான் அவள் பக்கம்தான் பேசினேன். நானாக இருந்தால் ஐந்தாம் வருடமே காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன்.

அந்தக் கார்த்திகைக் குளிரில்தான் லோ, ஹெங் சீரியல் தொடங்கியது. ஒரு நதி, இரண்டு கரை, இரண்டு அரசர்கள். லோ அரசன் நல்லவன். வெள்ளை உடை, பால் மாதிரி முகம், சொன்னவுடன் இரண்டு கண்ணிலும் சரியாக ஒவ்வொரு சொட்டு கண்ணீர் விடுகிற நடிகர். ஹெங் அரசன் கெட்டவன். கறுப்பு உடை, ஒட்டவைத்த அடர்ந்த புருவம், கையில் எப்போதும் மதுக்கிண்ணம். எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். காலையில் கறுப்புக் கவசம், பிற்பகலில் சிவப்புக் கவசம். காலையில் தன்னையே கொன்றவனை மாலையில் பழிவாங்கப் புறப்படுவார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மையான போர் நடக்கும். அரண்மனைச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சோற்றுப் பெட்டியும் கையில் கோழிக்காலுமாக, எந்த அரசன் யோக்கியன் என்று கத்துவார்கள்.

“லோ ராஜா தங்கமான மனுஷன்ப்பா. வாயைத் திறந்தா தர்மம்தான்,” என்றான் குண்டு ஹூ. துவானோடு ஒரே அறையில் தங்குகிறவன்.

“வாயைத் திறந்தா தர்மம். கையைத் திறந்தா?” என்றான் துவான். “நேத்து எடுத்தாங்களே, ஹெங் படை ஆத்தங்கரையில நின்ன காட்சி? எதிர்க்கரையில தினை அறுக்காம நிக்குது. தளபதி ‘இப்பவே பாயலாம்’ங்கிறான். ஹெங் ராஜா என்ன சொன்னான்? ‘அறுத்து முடிக்கட்டும்’னான்.”

“யோவ், அவன் சொந்தத் தம்பியைக் கொன்னவன்யா!”

“கொன்னான். நான் இல்லேன்னேனா? கொன்னுட்டுக் கொன்னேன்னு சொல்றான். உன் ஆளு கொன்னுட்டு, நாட்டுக்காகன்னு அழுறான்.”

“நீ பெரிய நீதிபதியாக்கும்!”

“ரெண்டு பேருக்காகவும் செத்தவன் நான். தீர்ப்புச் சொல்ல எனக்கில்லாத உரிமையா?”

எல்லோரும் சோறு சிதறச் சிரித்தார்கள். நானும்தான். எழுதிவைத்த கதைக்கு இவ்வளவு ஆத்திரமா என்று நினைத்தேன்.

சாயங்காலம் போனில் மனைவியிடமும் அதே சண்டை. அன்றன்று எடுத்த கதையை அவன் சொல்வான், அவள் லோ அரசனுக்கு வக்காலத்து வாங்குவாள். அவன் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன், அதனால் ஊருக்கே கேட்கும்.

“அம்மாவுக்குத் தன் கையால மருந்து காய்ச்சிக் குடுத்தான்னு நீதானே சொன்ன? பெத்தவளைப் பாத்துக்கிறவன் கெட்டவனா இருப்பானா?” என்பாள் சுய்லியன்.

“அவன் அம்மாவுக்குக் காய்ச்சினான். அணையை உடைச்சு என் அம்மாவை வெள்ளத்துல விடப் போறான்டி.”

“உன் அம்மா இங்க அடுப்படியில உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருக்காங்க. போனை வை.”

அந்த அணை உடைக்கும் நாள்தான் துவானின் நாள். கதைப்படி லோ அரசன் மேல்கரை அணையை உடைக்கச் சொல்வான். ஹெங் தலைநகரம் மூழ்கும். மறுநாள் அவன் குதிரையில் நகருக்குள் வருவான். சேற்றிலிருந்து பிழைத்து எழுந்த ஒரு ஹெங் வீரன் அவன் காலில் விழ வேண்டும். அமைச்சர் “நீ எந்தப் படை?” என்று கேட்பார். வீரன், “ஹெங் படையில் இருந்தேன். இன்று முதல் நீங்களே என் அரசர்!” என்று சொல்ல வேண்டும். இயக்குநர் கெங் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து துவானின் முன்னால் நின்றார்.

“இந்தக் காது நல்லா இருக்கு. இவன் சொல்லட்டும்.” ஆள் எடுக்க அவருக்கு இப்படி ஏதாவது ஒரு காரணம் போதும்.

துவான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. காலையில் சிவப்புக் கவசத்தில் அணையை உடைக்கிற லோ வீரர்களில் துவானும் ஒருவன். கடப்பாரையை எடுத்து முதல் கல்லைப் பெயர்த்ததே அவன்தான். மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புக் கவசம், வெள்ளத்தில் மிதக்கிற ஹெங் பிணம். சாயங்காலம் அதே ஈரக் கவசத்தோடு பிழைத்த வீரன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் தொழிலில் பிணமாகப் படுத்தவருக்கு எழுந்த கையோடு ஒரு சிவப்பு உறை கொடுத்துவிட வேண்டும். உள்ளே பெரிய பணம் ஒன்றும் இருக்காது, சாவின் தீட்டுக் கழியத்தான் அது. வாங்கியவர் தரையில் மூன்று முறை துப்பிவிட்டுப் போவார். அன்றைக்கு வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில், “பிணங்க அப்படியே கிடக்கட்டும், அடுத்த காட்சிக்கும் வேணும், உறையெல்லாம் அப்புறம்,” என்று சொல்லிவிட்டார்கள். எண்பது பேர் இரண்டு மணி நேரமாகச் சேற்றுத் தண்ணீரில் கிடந்தார்கள். குண்டு ஹூவின் உதடு நீலம் பாரித்துவிட்டது.

கேமரா ஓடியது. லோ அரசன் குதிரையிலிருந்து இறங்கி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, கருணையைப் பற்றி நீளமாகப் பேசினான். துவான் காலில் விழுந்தான்.

“நீ எந்தப் படை?” என்றார் அமைச்சர்.

“லோ படை!” என்றான் துவான்.

கட்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்துக் கிடந்தவர்களும் சிரித்தார்கள். ஒரே நாளில் இரண்டு படையில் இருக்கிறவனுக்கு வருகிற தடுமாற்றம்தான் அது, எங்களில் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் துவான் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

இரண்டாம் டேக். “நீ எந்தப் படை?”

“ஹெங் படையில் இருந்தேன்,” என்றான். அதோடு நின்றுவிட்டான். மூன்றாம் டேக்கிலும் அதே இடத்தில் நின்றான்.

கெங் ஒலிபெருக்கியைத் தூக்கி எறிந்தார். “ஒரு வரி! ஒரே ஒரு வரி சொல்ல வக்கில்லையா? யாரு கூட்டிட்டு வந்தது இவனை?”

நான்தான் கூட்டி வந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “கென்ஷெங், உனக்குப் பைத்தியமா? பதினொரு வருஷம் காத்திருந்து இதுக்குத்தானா? சொல்லித் தொலையேன்டா! சுய்லியன்கிட்ட என்ன பதில் சொல்லுவ?”

“வரமாட்டேங்குது அக்கா,” என்றான். “காலைல அணையை உடைச்சது நான். மதியம் அதுல செத்தது நான். இப்ப நன்றி சொல்றதும் நானா? இந்த வீரனோட வீட்டு ஆளுங்க எல்லாம் இந்தத் தண்ணிக்குள்ள கிடக்கிறாங்க. எந்த மனுஷன் இதைச் சொல்லுவான்?”

கெங் “வேற ஆளைப் போடு!” என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே போய் உதவி இயக்குநரின் தோளில் தொங்கிய பையைப் பிடுங்கி, சிவப்பு உறைகளை எடுத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு பிணத்தின் கையிலும் திணித்தேன். அந்தப் பையன் “மா அக்கா, மா அக்கா” என்று பின்னாலேயே வந்தான். எண்பது பேரும் எழுந்து உட்கார்ந்து துப்பினார்கள்.

அந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் கதை எழுதுகிற பெண் ஓயாங், காகிதக் கட்டோடு துவானிடம் போயிருக்கிறாள். கண்ணாடி போட்ட சின்னப் பெண், யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்.

“அண்ணே, அவர் அப்ப என்னதான் சொல்லுவாரு?” என்று கேட்டாள்.

“பாராட்டவும் மாட்டான்மா, திட்டவும் மாட்டான். ஒண்ணே ஒண்ணு கேப்பான்,” என்று சொல்லிவிட்டு அவளிடம் ஏதோ சொன்னான். அவள் கெங்கிடம் போனாள். கெங் கையை வீசினார், தலையில் அடித்துக்கொண்டார், வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

“சரி, எதையாவது சொல்லித் தொலைக்கட்டும். கடைசி டேக்!”

“நீ எந்தப் படை?” என்றார் அமைச்சர்.

“ஹெங் படை,” என்றான் துவான். தலையை நிமிர்த்தி லோ அரசனைப் பார்த்தான். “தண்ணீர் எப்போது வடியும், அரசே? என் ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள்.”

லோ அரசனாக நடித்தவருக்குப் பதில் வசனம் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். தண்ணீரைப் பார்த்தார். கேட்டவுடன் வருகிற அந்தக் கண்ணீர் அன்றைக்கு வரவில்லை. கெங் கட் சொல்லவே இல்லை, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் மெதுவாக, “இதை வச்சுக்கலாம்,” என்றார்.

சீரியல் மறுவருடம் ஆப்பிள் பறிப்புக்கு ஒரு மாதம் முன்னால் ஒளிபரப்பானது. அணைக் காட்சி வருகிற அன்று மாலை முப்பது பேர் நூடுல்ஸ் கடையில் கூடிவிட்டோம். எங்களுக்கு ஒரே பயம், குரலை மாற்றியிருப்பார்களோ என்று. சின்ன ஆட்களுக்கு வேறு யாராவது பேசிவிடுவதுதான் வழக்கம். மாற்றவில்லை. அவனுடைய கான்சுக் குரல் கடை முழுக்கக் கேட்டது. நாங்கள் கைதட்டினோம். அப்புறம்தான் உறைத்தது. திரையில் லோ அரசனின் முகம் மட்டும்தான் இருந்தது, பதில் இல்லாத அந்த முகம். முன்னால், ஓரத்தில், ஒரு ஈர முதுகு. காது கூடச் சரியாகத் தெரியவில்லை. காட்சி முடிந்துவிட்டது.

துவான் நூடுல்ஸை அப்படியே வைத்தான். “மூஞ்சி வரல. சொன்ன சொல் சொன்னதுதான் அக்கா. நாளைக்கு டிக்கெட் எடுத்துடறேன்,” என்றான். அந்தக் கெங்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அதற்குள் போன் அடித்தது. சுய்லியன். வழக்கம்போல ஸ்பீக்கர்.

“பாத்தியா?” என்றான் அவன். “மூஞ்சி வரல. நாளைக்குக் கிளம்பறேன்.”

“யாரு கிளம்பச் சொன்னா?” என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “அத்தைதான் முதல்ல ‘அது நம்ம கென்ஷெங்’னு எழுந்து நின்னாங்க. நான் அதுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சுட்டேன். புதுவருஷம் முடிஞ்சு பஸ்ஸுக்கு நடந்து போற முதுகுய்யா அது. பதினொரு வருஷமா உன் மூஞ்சியை விட அதைத்தானே நான் அதிகம் பாத்திருக்கேன்? எனக்குத் தெரியாதா?”

கடையில் யாரும் மெல்லவில்லை.

“அந்த லோ ராஜா இப்ப பதில் சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்லலியே, படுபாவி. நீ சொன்னதுதான் சரி.” மூக்கை உறிஞ்சினாள். “பதினஞ்சு நாள் வந்து பறிச்சுக் குடு. அப்புறம் திரும்பிப் போ. இந்தத் தடவை நானே வந்து பஸ் ஏத்தி விடறேன். நீ எங்க போறேன்னு இப்ப நான் பாத்துட்டேன்ல?”