பத்தாவது வண்டி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் வேதியியல் படித்தவள், கூடுதலாகச் சேர்த்துச் சொல்லத் தெரியாது. கடிகாரத்தில் பார்த்த நேரத்தை அப்படியே எழுதுகிறேன்.

போன ஜனவரி. நார்வேயின் வடக்கே ஒரு மலைச்சாலை. அந்த மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிடும். பக்கவாதம் வந்த அப்பாவை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை மரத்துப்போயிருந்தது. நுரையீரலும் சரியில்லை. குளிர் மட்டும் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் 1989இல் வாங்கிய வீட்டு வண்டியை விட்டு வரமாட்டேன் என்றார் அப்பா. படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய டீசல் வேன் அது. கேஸ் சிலிண்டர் காலி. உள்ளே சூடு வேண்டுமென்றால் இஞ்சின் ஓட வேண்டும்.

பனிப்புயல் அடித்தால் மலையடிவாரத்தில் தடுப்பைப் போட்டுவிடுவார்கள். பனி தள்ளும் லாரி முன்னால் போகும். மற்ற வண்டிகள் வரிசையாகப் பின்னால் போகவேண்டும். இந்தப் பக்கம் எண்ணி அனுப்புவார்கள். அந்தப் பக்கம் எண்ணி வாங்குவார்கள். ஒன்று குறைந்தால் லாரி திரும்பி வந்து தேடும்.

தடுப்பில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார்.

"நீங்கதான் ஒன்பது. கடைசி. முன்வண்டி விளக்க விட்டுடாதீங்க. என்ன ஆனாலும் கீழ இறங்கக் கூடாது. ஏன் பெரியவரே, இந்தக் கிழம் மலை ஏறுமா?"

"உன்னவிட நல்லாவே ஏறும்" என்றார் அப்பா.

மணி 2:40.

3:05க்குச் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது.

"அப்பா, கொதிக்குது."

"ஹீட்டர முழுசாத் திற. சூடு உள்ள வரட்டும்."

திறந்தேன். முள் கொஞ்சம் இறங்கியது. பிறகு வண்டி இழுத்து இழுத்து உதறியது. 3:12க்கு நின்றுவிட்டது. முன்வண்டியின் சிவப்பு விளக்கு பனிக்குள் போய் மறைந்தது.

"சூடேறி நின்னுடுச்சு" என்றார் அப்பா.

"சூட்டுக்கு இப்படி உதறாதுப்பா. இது டீசல் வராத உதறல். எப்ப டீசல் போட்டீங்க?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா."

"ஆகஸ்ட்ல."

கோடைக்கால டீசல். குளிரில் மெழுகுபோல் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். எங்கள் ஊரில் பள்ளிப்பிள்ளைக்கும் இது தெரியும்.

"நாப்பது வருஷம் படகு இஞ்சின் பாத்த ஆளாம்!"

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு. ஃபில்டர்ல சூடா எதையாவது ஊத்தணும். ஃபிளாஸ்க்ல காபி இருக்கு."

"இறங்கக் கூடாதுன்னாங்களே. கணக்கு குறைஞ்சா வருவாங்க, பொறுங்க."

காத்திருந்தோம். போனில் சிக்னல் இல்லை. வெளியே மைனஸ் பத்தொன்பது. 3:30... 3:45... யாரும் வரவில்லை. அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. இருமல்கூட நின்றுவிட்டது.

3:52. இறங்கினேன்.

பானெட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஃபில்டர் மேல் காபியை ஊற்றினேன்.

வலது பக்கம் ஒருவர் நின்றிருந்தார்.

லாரி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் விளக்கு எதுவும் தெரியவில்லை... இஞ்சின் சத்தமும் இல்லை. மெல்லிய பழுப்புக் கோட்டு. கையுறை இல்லை.

"அட்டை" என்றார்.

"என்னது?"

"ரேடியேட்டர் முன்னாடி. அட்டை."

கடுங்குளிரில் இஞ்சின் ஆறிப்போகாமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை செருகுவோம். ஏற்றத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். வீடு மாற்றச் சாமான் கட்டிய பெட்டி ஒன்றைக் கிழித்து அப்பா காலையில் செருகியிருந்தார். இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அட்டை மூடியிருந்ததால் இன்னும் ஆறாத ரேடியேட்டரில் அவர் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு அட்டையை உருவினார். அட்டை வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"ஐயோ, சுடும்!"

"சுடுதா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்பது போல.

என் மூச்சு வெள்ளையாக வந்தது.

அவருக்கு வரவில்லை.

"உங்க நம்பர் என்ன?"

"ஒன்பது..."

"நான் போய்ச் சொல்லிடறேன். இத எடுத்துக்கட்டுமா? முழங்கால் குளிருது."

தலையாட்டினேன்.

நடந்து போனார். மேட்டை நோக்கி.

காலடிச் சத்தம் இல்லை.

3:59.

ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். ஒன்று... இரண்டு... மூன்றாவது முறை பிடித்தது. முள் இறங்கி நடுவில் நின்றது. அப்பாவின் கையை ஹீட்டர் காற்றில் பிடித்தேன். சற்று நேரம் கழித்து இருமினார். அந்த இருமல் எனக்குப் போதும்.

"யார்கிட்ட பேசிட்டிருந்த, தோரா?" என்று கேட்டார்.

4:44க்கு மறுபக்கத் தடுப்பு. ஒரு பெண் டார்ச்சோடு ஓடி வந்தாள்.

"யாருங்க நீங்க? தடுப்ப மீறியா வந்தீங்க?"

"நாங்க ஒன்பது."

"விளையாடாதீங்க. எட்டு வந்ததும் லாரியத் திருப்பத்தான் போனோம். அதுக்குள்ள ஒன்பது வந்துடுச்சு. நானே குறிச்சேன். 4:01."

"என்ன வண்டி?"

"பழைய சிவப்புக் கார். முன்விளக்கு ஒண்ணுதான் எரிஞ்சது. கண்ணாடியக்கூட இறக்கல. கைய மட்டும் தூக்கிக் காட்டினாரு."

நாங்கள் நின்ற இடம் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர்.

ஜூலையில் போலீஸிடமிருந்து போன் வந்தது. அந்தச் சாலைக்குக் கீழே, பள்ளத்தில் எப்போதும் கிடக்கும் பனி இந்தக் கோடையில் உருகியிருக்கிறது. உள்ளே ஒரு சிவப்புக் கார். 1991இல் வரிசையில் வந்து, கணக்கில் விடுபட்டுக் காணாமல் போனதாம். ஓட்டியவர் அப்படியே இருக்கையில்...

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

அவர் முழங்கால் மேல் ஓர் அட்டை இருந்ததாம். 'ஆஸ்பியோன், சமையலறை' என்று அப்பாவின் பெயர் போட்டு எழுதி, கீழே என் போன் நம்பர். அப்பாவின் கையெழுத்து.

கதவுகள் துருவேறி ஒட்டியிருந்தன. அறுத்துத்தான் திறந்தார்களாம்.

அப்பாவிடம் சொன்னேன். மரத்த கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கணக்குல சேந்துட்டான், விடு" என்றார்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. போலீஸ்காரர் கடைசியாகச் சொன்னது அது. பனியில் கெடாமல் இருந்த அந்த வலது உள்ளங்கையில் தீக்காயம் இருந்ததாம். வரிவரியாக.

ரேடியேட்டர் தகடுகளைப் போல.