இணைச்சீருக்கு அண்ணன் எடுத்துத் தந்த சேலை

“நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்கத்தை” என்று காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் அண்ணனின் மூத்த மகன். அண்ணன் அவர்களைப் பற்றி நல்லது எழுத நாலு வரி போதாது. ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் இது வேறு யாரோ ஒருவருடைய நினைவு மலராகிவிடும். ஓராண்டு நினைவு நாளில் இதைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பல்லடத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய ஒரு சிற்றூரில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. கிணறு வற்றிப் பண்ணையம் கைவிட்டுப் போனதும், அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்து பஞ்சாலையில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். சோறு வடித்து, எனக்குத் தலை சீவி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆலைக்கு ஓடியவர் அண்ணன். இதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஆலையில் அவரை ‘ஜமீன்தார்’ என்று கேலி செய்வார்கள். உடுப்பு அப்படி. ஒரே சட்டையில் அவரை இரண்டு தீபாவளிக்குப் பார்த்தவர்கள் கிடையாது. பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மூட்டையைப் பிரிக்கும் இடத்துக்கு முதல் ஆளாகப் போய்விடுவார். பெரிய வீட்டுத் துணிகளெல்லாம் அதில் வரும். விரலால் தேய்த்துப் பார்த்தே ஒரு துணி எத்தனை வெளுப்பு கண்டது என்று சொல்லிவிடுவார். நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்து, நீலமும் கஞ்சியும் போட்டு, நாலைந்து மாதம் தானே உடுத்துவார். சாயம் மங்குவதற்குள் அதை விற்று, அந்தக் காசிலேயே அடுத்ததை வாங்கிவிடுவார். ஆலைத் தோழர்கள் எத்தனையோ பேர் அண்ணனிடம் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பெண் பார்க்கப் போனார்கள். விற்கும்போது ஒளிவுமறைவு இருக்காது. “பழசுதானுங்க, காலர் திருப்புனது, உள்ளார சலவைக்குறி இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் துணியை நீட்டுவார்.

என்னை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்த மறுவருடம் அண்ணனுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். மனைவி வந்தாலும் கூடப்பிறந்தவளைக் கைவிடமாட்டேன் என்று சபை நடுவே அண்ணன் ஒப்புக்கொள்கிற சடங்கு அது. அதற்காக எனக்கு அரக்குநிறப் பட்டு ஒன்று கொண்டுவந்தார். புதிதா என்று நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்: “உனக்குன்னே கடையில நின்னு எடுத்தேன் கண்ணு.” அதைக் கட்டிக்கொண்டு பந்தலில் நின்றபோது எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

கல்யாணத்தில் மஞ்சள் கறை பட்டிருந்ததால் சேலையைச் சலவைக்குப் போட்டோம். வெளுத்துக் கொண்டுவந்த சலவைக்காரப் பெண் உள்தலைப்பின் மூலையை விரித்துக் காட்டினார். மடித்துத் தைத்திருந்த தையல் பிரிந்து, உள்ளே சேராங்கொட்டை மையில் ஒரு சலவைக்குறி தெரிந்தது. எத்தனை வெளுத்தாலும் அந்த மை போகாது.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. இது நான் போட்ட குறி இல்லீங்க. இதுக்கு முன்னாடியே வேற ஊட்டுக்கு வெளுத்த சேலைங்க இது.”

பக்கத்தில் நின்ற என் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “உன்ற அண்ணன் யாவாரம் நம்ம ஊடு வரைக்கும் வந்துருச்சாட்ட இருக்குது” என்றார். அதற்குப் பிறகு என் பிறந்த வீட்டிலிருந்து வந்த எந்தத் துணியையும் அவர் மூலை பார்க்காமல் உள்ளே விட்டதில்லை.

பொங்கல் சீரோடு அண்ணன் வந்தபோது சேலையை அவர் முன்னால் விரித்தேன். குறியைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

“கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் கண்ணு.”

“எந்தக் கடைங்ண்ணா?”

“டவுன்லதான். குடு, கொண்டுபோய்க் கேக்கறேன்.”

தொட்டுப் பார்த்தே துணியின் வயதைச் சொல்கிறவரைக் கடைக்காரன் ஏமாற்றினானாம். அண்ணிக்குக் கூறைச்சேலை எடுக்க நானும்தான் கடைக்குப் போயிருந்தேன். அது மடிப்புக் கலையாத புதுப் பட்டு. அண்ணிக்குப் புதுசு, எனக்குப் பழசு என்பதைக்கூட விழுங்கியிருப்பேன். என் முகத்தைப் பார்த்து இரண்டாம் முறையும் பொய் சொன்னாரே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

கொண்டுபோன சேலையை ஆலை மேஸ்திரி ஒருவரின் மனைவிக்கு விற்றுவிட்டார். ஒரு விசேஷத்தில் அந்த அம்மாவே அதைக் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: “உங்கண்ணன் தங்கமான மனுசனுங்க. பழசுதான், மூலையில குறி இருக்குதுன்னு சொல்லித்தான் குடுத்தாருங்க.” யாரோ ஒரு பெண்ணிடம் சொல்ல முடிந்த உண்மையை என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் புது நூல் சேலை வந்தது, மேலே கடை ரசீதோடு. வாங்கி வைப்பேன், கட்டமாட்டேன். “வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க” என்பதற்கு மேல் அவரோடு பேச்சு இல்லை. பதினைந்து வருடம் அப்படியே போயிற்று.

போன வருடம் மஞ்சள் காமாலை முற்றி மருத்துவமனையில் கிடந்தார். நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. அண்ணியும் மூத்த மகனும் பக்கத்தில் நிற்க, என்னை அருகில் அழைத்தார்.

“அம்மிணி, அந்தச் சேல புதுசில்ல.”

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் தகப்பனைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான் மகன். அவன் முன்னால் அவரைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. “அதெல்லாம் புதுசுதானுங்ண்ணா. நீங்க தூங்குங்க” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூடப்பிறந்தவர் முகத்துக்கு நேரே பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் காலமானார்.

இரவு பகல் பாராமல் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், முறைபோட்டு உடனிருந்த ஆலைத் தோழர்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த உற்றார் அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன். முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அண்ணியாருக்கு நான் தனியே கடன்பட்டவள்.

அண்ணி இப்போதுதான் ஒன்று சொல்கிறார். அன்று கையிலிருந்ததற்குப் புதிதாக வாங்கினால் நூல் சேலைதான் கிடைத்திருக்குமாம். பட்டு உடுத்திய என் மாமியார் வீட்டார் நடுவே நான் நூல் சேலையில் நிற்பதை அண்ணனால் தாங்க முடியவில்லையாம். அப்படியே இருக்கட்டும்.

அண்ணா, நூல் சேலையிலும் நான் தலைநிமிர்ந்து நின்றிருப்பேன். உங்கள் வார்த்தையை நம்பி நின்றேனே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.