டாக்டர் இளங்கோ மூடாமல் விட்ட வயிறு

டாக்டர் இளங்கோ போய்விட்டார். மாரடைப்பு. நேற்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, காரில் ஏறி உட்கார்ந்தவர் அப்படியே...

ஐம்பது வயதுகூட இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பாமல் அவருடைய நர்ஸுக்கே போன் போட்டேன். அந்தப் பெண் அழுத பிறகுதான் உண்மை என்று உறைத்தது. நேற்றிலிருந்து தையல் மிஷினில் உட்கார முடியவில்லை.

சில வருடம் முன்பு கிண்டியில் என் வீட்டுக்காரர் பைக்கை ஒரு வேன் இடித்தது. வெளியே பெரிய காயமே இல்லை. ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, உள்ளே கல்லீரல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போன டாக்டர் இளங்கோ சீக்கிரமே வெளியே வந்தார். ரத்தம் வந்த இடத்தில் துணி வைத்து அடைத்திருக்கிறேன், வயிற்றைத் தைக்கவில்லை, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி ஐசியூவுக்கு அனுப்புகிறேன் என்றார்.

நான் மயிலாப்பூரில் பிளவுஸ் தைக்கிறவள். வெட்டிவிட்டுத் தைக்காமல் வைத்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான்... துணி வீண். கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் கொழுந்தன் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸே பேசிவிட்டான்.

"இன்னா டாக்டர், அவ்ளோதானா? தைக்கக்கூட மாட்டீங்களா?" என்று ஐசியூ வாசலில் நின்று கத்தினேன்.

மனுஷனுக்குக் கோபமே வரவில்லை.

"உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சும்மா. ரத்தம் உறைய மாட்டேங்குது. இப்பவே எல்லாத்தையும் சரி பண்றேன்னு நின்னா டேபிள்லயே போயிடுவாரு. சூடு ஏத்தி, ரத்தம் ஏத்தி, தாங்குற நிலைமைக்கு வந்ததும் மறுபடி உள்ள போவேன். அதுவரைக்கும் அவரை நகத்தாதீங்க."

ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அந்தத் துணிகளை எடுத்து, மீதியைச் சரிசெய்து, வயிற்றை மூடினார். வெளியே வந்து மற்ற யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம், "தைச்சாச்சும்மா" என்றார்.

போன வருடம் லஸ் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் அவரைப் பார்த்தோம். வணக்கம் சொன்னால் யாரென்று தெரியாமல் முழிக்கிறார். என் வீட்டுக்காரர், எந்த வெட்கமும் இல்லாமல், நடுரோட்டில் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தழும்பைப் பார்த்ததும் டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு... "அடடா, கிண்டி லிவர்!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார். எனக்கு மானமே போயிற்று. சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அவருக்குப் போய் இப்படி... எப்படி? நம்பவே முடியவில்லை.

இன்று பெசன்ட் நகர் மயானத்துக்குப் போனோம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

குடலிறக்கம் வந்துவிடும், கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று என் வீட்டுக்காரருக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் தண்ணி கேன் தூக்குவதுகூட நான்தான்.

டாக்டரை வண்டியிலிருந்து இறக்கியபோது முதல் ஆளாகப் போய்த் தோள் கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

நான் தடுக்கவில்லை.

போயிட்டு வாங்க டாக்டர்...