முதலாளியம்மா எடுத்த இலை

இத்தாலிய மொழி படித்து என்ன கண்டாய் என்று கேட்பவர்களிடம் நான் வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ பேசுவதில்லை. ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வேன்.

என் அம்மா சிவகாசியில் ஓர் அச்சக முதலாளி வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைக்கிறாள். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். சென்னையில் ஒரு கல்லூரியில் எனக்கு இத்தாலியன் படிக்க இடம் கிடைத்தபோது, என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க அம்மா லீவு கேட்டாள். பக்கத்தில் நின்ற என்னை முதலாளியம்மா ஏற இறங்கப் பார்த்தாள்.

“இத்தாலியா? அங்கன போனாலும் இவ பாத்திரந்தான் தேய்க்கணும். வெளக்கமாத்துக்கு எந்த ஊர்லயும் ஒரே பாஷைதான்.”

அம்மா சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

படிப்பு முடிந்து ஊரில் இருந்தபோது அச்சகத்துக்கு இத்தாலியிலிருந்து புது மிஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்த இத்தாலிக்காரருக்கு இங்கிலீஷ் சரியாக வராது. காலண்டர் சீசனோ நெருங்கிவிட்டது. முதலாளி என் அம்மாவைக் கூப்பிட்டார். “ஒம் மக அந்தப் பாஷைதான படிச்சா? வரச் சொல்லு.”

போனேன். காலை முழுக்க மிஷினடியில் நின்று அவர் சொன்னதையெல்லாம் தமிழில் சொன்னேன். மதியம் அவருக்கு முதலாளி வீட்டில் விருந்து. பேச ஆள் வேண்டுமே என்று எனக்கும் ஓர் இலை போட்டார்கள். முதலாளியம்மாதான் பரிமாறினாள். என் இலைக்கு வரும்போது மட்டும் அவள் கரண்டி கொஞ்சம் தயங்கியது.

“இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க” என்றேன்.

அந்த நாட்டுக்காரர்கள் சாப்பிடும் முறையைப் பற்றிக் கல்லூரியில் நிறையவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பந்தியில் அவசரம் காட்டக் கூடாது, எல்லோரும் முடிக்கும்வரை எழக் கூடாது என்று முதலாளிக்கு விளக்கினேன். அது உண்மைதான். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். நான் ஆற அமரச் சாப்பிட்டேன். முதலாளியம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

எழும்போது இலையை மடிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தால், அம்மா அடுக்களை வாசலில் நிற்கிறாள்.

“வா, வா. மொதல்ல ஒம் மக எலைய எடு” என்றாள் முதலாளியம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

அம்மா மேஜையை நோக்கி நடந்தாள். அந்த நேரம் பார்த்து விருந்தாளி முகத்தைத் துடைத்தபடி என்னிடம் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்லுதாரு?” என்றார் முதலாளி.

“அவுக ஊர்ல விருந்தாளி சாப்பிட்ட தட்ட வீட்டுக்காரம்மாதான் எடுப்பாகளாம். வேற ஆளு எடுத்தா வந்தவுகள அவமானப்படுத்துன மாதிரியாம். இங்கன எப்படின்னு கேக்காரு.”

முதலாளி பல்லைக் கடித்தார். “எடுடி. மிஷின் ஓட வேண்டாமா?”

முதலாளியம்மா குனிந்தாள். முதலில் விருந்தாளி இலை. அப்புறம் என் இலை. தூக்கியபோது மிச்ச ரசம் அவள் பட்டுச்சேலையில் வழிந்தது.

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைக்க முடியுமா என்றுதான் அவர் கேட்டிருந்தார். போய்க் கூட்டி வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில் அம்மா கேட்டாள். “அந்த மனுசன் நெசமாவே அப்படிச் சொன்னாரா?”

“ஆமா.”

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஆனா அந்தச் சேலைய நாளைக்கு நாந்தான தொவைக்கணும்?”

“தொவை. நல்லாத் தேய்ச்சிராத. கறை இருக்கட்டும்” என்றேன்.